ஹெல்மெட்டைக் குறை சொல்லும் முன் ஒருமுறை எழுந்து நின்று பாருங்கள்

அன்று ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். கூட வந்த அண்ணன் ஏதோ கேட்டார். உதடு அசைவது தெரிந்தது, சொல் காதில் விழவில்லை. பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அவர் பக்கத்தில் வந்து மறுபடி கேட்டபோதுதான் "கழுத்து வலிக்குதா தம்பி?" என்கிறார் என்று புரிந்தது. என்னையறியாமல் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரவு படுத்த பிறகும் காதுக்குள் 'ஙொய்' என்ற இரைச்சல் ஓயவில்லை. விளக்கை அணைத்ததும் அது கூடினாற்போல் இருந்தது. விடிந்த பிறகுதான் அடங்கியது.

மண் பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான புது அட்வென்ச்சர் ஹெல்மெட்டோடு அது என் முதல் நீண்ட பயணம். ஆசைப்பட்டு வாங்கியது. நெற்றிக்கு மேல் நீளும் பீக், அகலமான முகத்திறப்பு, தாடைப் பகுதி முன்னால் தள்ளி இருப்பதால் மூச்சுவிடத் தாராளமாக இடம். மண் பாதையில் நின்றபடி மெதுவாக ஓட்டும்போது இவை எவ்வளவு கைகொடுக்கின்றன என்பதை முதல் வாரமே உணர்ந்தேன். பீக், மோட்டோகிராஸ் என்ற மண்பாதைப் பந்தயத்திலிருந்து வந்த சமாச்சாரம். முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரம் வாரியடிக்கும் மண்ணும் கல்லும் முகத்தில் படாமல் இருக்கத் தலையைச் சற்றுக் குனிந்தால் போதும், பீக் தாங்கிக்கொள்ளும். சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போதும் அதே குனிவு உதவும். ஆனால் மோட்டோகிராஸில் யாரும் நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து போவதில்லை. அந்த பீக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நான் போனேன்.

80 கி.மீ. வேகத்தை எட்டியதும் தலை உலுங்க ஆரம்பிக்கும். யாரோ ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து வேகவேகமாக ஆட்டுவதுபோல் ஒரு நடுக்கம். முன்னால் போகும் லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தால் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். கண்ணில் கோளாறு இல்லை, தலை ஆடுவதால் பார்வை கலங்குகிறது. இதோடு காற்றின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒன்றாகவே வந்ததால் இரண்டையும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டேன். ஹெல்மெட் சரியில்லை, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன். பல மாதங்கள் வீணானது இந்த ஒரு முடிவால்தான்.

முதலில் ஹெல்மெட்டின் காற்றுத்துளைகளை எல்லாம் மூடினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, உலுக்கல் அப்படியே இருந்தது. பிறகு ஒரு நண்பரிடம் பீக் இல்லாத, சாலைக்கென்றே செய்த ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட்டை இரவல் வாங்கிப் போட்டேன். இரைச்சல் நன்றாகக் குறைந்தது. தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. ஹெல்மெட்டையே மாற்றியும் ஆட்டம் போகவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அண்ணனிடம் புலம்பினேன். அவர் சொன்னது ஒரே வரி: "ஓட்டும்போது எழுந்து நின்னு பாருங்க தம்பி."

அடுத்த நாள் காலை, போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் 80-ல் போய்க்கொண்டிருக்கும்போது கால் வைக்கும் ஃபுட்பெக்கில் ஊன்றி எழுந்தேன். முட்டி நிமிர்ந்து, தலை வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் வின்ட்ஸ்கிரீனுக்கு வெகு மேலே போனதும் உலுக்கல் சட்டென்று நின்றது. காற்று நேராக நெஞ்சில் மோதியது, பலமாகத்தான் மோதியது, ஆனால் சீராக மோதியது. தலை அசையவே இல்லை. சத்தமும் அந்தக் கடகடப்பு நீங்கி ஒரே சீரான 'ஹோ'வாக மாறியது. உட்கார்ந்தேன், ஆட்டம் திரும்ப வந்தது. மறுபடி எழுந்தேன், போனது. தலையில் இருந்தது அதே ஹெல்மெட், அதே பீக். மாறியது தலை இருந்த உயரம் மட்டும்.

ஆற்றுப் பாலத்தின் தூணைப் பார்த்திருப்பீர்கள். தூணுக்கு முன்னால் தண்ணீர் சீராக வரும். தூணைத் தாண்டியதும் இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழி என்று மாறிமாறிக் கழன்று போகும். வின்ட்ஸ்கிரீனின் மேல் விளிம்பிலும் காற்று இதையேதான் செய்கிறது. விளிம்பைத் தாண்டும் காற்று சுழி சுழியாக உடைந்து பின்னால் வருகிறது. ஸ்கிரீனுக்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருப்பதால் மேலேயிருந்தும் பக்கங்களிலிருந்தும் டேங்குக்குக் கீழேயிருந்தும் காற்று அந்த இடத்தை நிரப்பப் பாய்கிறது. இந்தக் கலவரத்தின் நடுவில் உங்கள் தலை இருந்தால் ஒவ்வொரு சுழியும் ஒரு அடி. பஃபெட்டிங் என்று ரைடர்கள் சொல்வது இதைத்தான். சுழிகளுக்கு மேலே தலை இருந்தாலும் தொல்லை இல்லை, முழுக்கக் கீழே அடைக்கலமாக இருந்தாலும் தொல்லை இல்லை. எல்லையில் இருப்பதுதான் கொடுமை. என் உயரத்துக்கு, என் வண்டியில், புருவம் அந்த எல்லையில் இருந்தது. அதே மாடல் வண்டி வைத்திருக்கும் என்னைவிடக் குள்ளமான நண்பருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அதனால்தான் இன்னொருவர் 'இந்த ஸ்கிரீன் அருமை' என்று சொன்னால் உங்கள் உயரம் என்ன என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

எழுந்து நின்று பார்ப்பதோடு இன்னொரு சோதனையும் உண்டு. பாதுகாப்பான இடத்தில், மிதமான வேகத்தில், இடது உள்ளங்கையை ஸ்கிரீனுக்குப் பின்னால் வைத்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். கீழே கையில் காற்றே படாது. கொஞ்சம் மேலே போனதும் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். இன்னும் மேலே போனால் படபடப்பு நின்று ஒரே சீராகத் தள்ளும். அந்தப் படபடக்கும் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் ஸ்கிரீனுக்கும் நெற்றிக்கும் ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது மூக்கிலிருந்து உச்சந்தலை வரை இருந்தது.

சரி, காரணம் தெரிந்தது. தீர்வு உடனே கிடைக்கவில்லை. உயரமான ஸ்கிரீன் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். இரவல் வாங்கிய உயரமான ஸ்கிரீனில் உலுக்கல் இன்னும் மோசமானது. பெரிய ஸ்கிரீனுக்குப் பின்னால் பெரிய வெற்றிடம், அதனால் பெரிய சுழிகள். முகத்தில் காற்று படாமல் அமைதியாக இருந்தது, ஆனால் முதுகுப் பக்கமிருந்து தலையை முன்னால் தள்ளுவதுபோல் ஓர் உணர்வு. அதைக் கழற்றிவிட்டு, ஒரு நாள் ஸ்கிரீனே இல்லாமல் ஓட்டினேன். இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பேன். நெஞ்சில் காற்று பலமாக அடிக்கும், அரை நாளில் களைத்துப்போவீர்கள். ஆனால் கலங்காத காற்றில் உங்கள் ஹெல்மெட் எப்படி நடந்துகொள்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஸ்கிரீன் இல்லாமலும் தலை ஆடினால் ஹெல்மெட்டைச் சந்தேகிக்கலாம். எனக்கு ஆடவில்லை.

கடைசியில் கைகொடுத்தவை இரண்டு சின்ன விஷயங்கள். ஒன்று, ஸ்கிரீனின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் காற்று உள்ளே வர வழிவிட்டது. பொருத்தும் போல்ட்டுகளில் ரப்பர் வாஷர் கொடுத்து, சற்றே நீளமான போல்ட் போட்டு, ஸ்கிரீனை விரற்கடை அளவு முன்னால் தள்ளினேன். கீழேயிருந்து வரும் காற்று பின்னால் உள்ள வெற்றிடத்தை நிரப்புவதால் மேலேயிருந்து சுழன்று விழுவது குறைகிறது. இரண்டு, ஸ்கிரீனின் மேல் விளிம்பில் கவ்விக்கொண்டு காற்றைத் திருப்பிவிடும் சின்னத் தகடான டிஃப்ளெக்டர். அதற்கும் விளிம்புக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளி வழியாகப் போகும் காற்றுதான் ஓட்டத்தைச் சீராக்குகிறது. முதலில் இது தெரியாமல் விளிம்போடு ஒட்ட வைத்துவிட்டு ஒரு பயனும் இல்லை என்று கழற்றி எறியப் பார்த்தேன். இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கோணத்தைச் சாய்த்ததும் மொத்தமாக வேறு வண்டி ஓட்டுவதுபோல் ஆனது.

இதில் நான் கற்றுக்கொண்ட வேலைமுறை ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஒரே சாலையில், போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் வண்டி 80 காட்டினாலும் ஹெல்மெட்டுக்கு அது 100. ஒரு திசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு 'தீர்ந்தது' என்று வீட்டுக்கு வந்து, மறுநாள் ஏமாந்திருக்கிறேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் வண்டியை நிறுத்திப் போனில் இரண்டு வரி எழுதி வைத்தேன். மூன்றாவது நாளில் எந்த மாற்றம் எதைச் செய்தது என்பது எனக்கு மறந்திருந்தது, குறிப்புதான் காப்பாற்றியது.

இப்போது பீக் விஷயத்துக்கு வருகிறேன். காற்றின் விசை வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும். 80-லிருந்து 110-க்குப் போனால் விசை கிட்டத்தட்ட இரு மடங்கு. நேராகப் பார்க்கும்போது நல்ல பீக் அதைப் பெரிதாகக் காட்டாது. தலையைத் திருப்பும்போதுதான் தெரியும். லேன் மாற்றத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் பீக் பக்கவாட்டுக் காற்றைப் பாய்மரம்போல் பிடித்துக்கொண்டு தலையைப் பிடுங்கும். அந்தப் பிடுங்கலுக்குப் பயந்து திரும்பிப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒரு நாள் உணர்ந்தபோது உண்மையாகவே கலங்கினேன். சத்தமும் கழுத்துவலியும் என் வசதியைப் பற்றியவை. திரும்பிப் பார்க்காமல் லேன் மாறுவது என் உயிரையும் பக்கத்தில் வருபவர் உயிரையும் பற்றியது.

பல அட்வென்ச்சர் ஹெல்மெட்டுகளில் பீக்கைக் கழற்றலாம். பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ, சிலவற்றில் நெற்றியில் ஒன்று. முழு நாளும் நெடுஞ்சாலை என்றால் நான் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறேன். கழற்றியதும் வெறும் துளைகளாக விட்டுவிடாதீர்கள். ஹெல்மெட்டோடு வரும் பக்க மூடிகளைப் போடாவிட்டால் அந்தத் துளைகளே விசிலடிக்கும். சில மாடல்களில் முகத்தை மூடும் கண்ணாடியான வைசரைப் பிடித்திருப்பதும் அதே ஸ்க்ரூதான், மூடி இல்லாமல் ஓட்டினால் வைசரே கழன்று போகலாம். பீக்கோடு ஓட்டுவதென்றால் கோணத்தை மாற்றிப் பாருங்கள். எனக்கு ஒரு படி மேலே ஏற்றியதும் இழுப்பு குறைந்தது. நிமிர்ந்து உட்காருபவருக்கும் சற்றே முன்னால் சாய்ந்து உட்காருபவருக்கும் இந்தக் கோணம் ஒன்றாக இருக்காது.

விசில் சத்தம் வேறு ரகம். இரைச்சலுக்கு நடுவே கம்பிபோல் ஒரு மெல்லிய ஒலி வந்தால் ஏதோ ஒரு கூர்மையான விளிம்பில் காற்று கிழிபடுகிறது என்று அர்த்தம். நான் செய்தது, எளிதில் உரிக்கக்கூடிய டேப்பை எடுத்துக்கொண்டு பீக்கின் துளை, மேல் காற்றுத்துளை, வைசரின் ஓரம் என்று ஒவ்வொன்றாக ஒட்டி ஓட்டிப் பார்த்தது. நெற்றித் துளையின் மூடி பாதி திறந்த நிலையில் நிற்பதுதான் காரணம் என்று நான்காவது டேப்பில் தெரிந்தது. முழுக்கத் திறந்தாலும் விசில் இல்லை, முழுக்க மூடினாலும் இல்லை.

அளவு பற்றிப் பலரும் பேசுவதில்லை. ஹெல்மெட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் சின்னச் சுழிகூடப் பெரிய உலுக்கலாகத் தெரியும். தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாக வழுக்கினால் தளர்வு. வாங்கும்போது கச்சிதமாக இருந்தது என்று விட்டுவிட வேண்டாம், கன்னத்துப் பஞ்சு நாளாக ஆக அமுங்கும். எனக்கு ஒரு வருடத்தில் தளர்ந்தது, தடிமனான சீக் பேட் மாற்றியதும் தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் இருந்த ஆட்டம் நின்றது. ஹெல்மெட்டில் மாட்டும் பேச்சுக் கருவியான இன்டர்காமின் ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் வெள்ளை நுரையைச் சுரண்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த நுரைதான்.

அடுத்து, கழுத்து. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் சாலையிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஹெல்மெட் சத்தத்தை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், காதை எட்டும் சத்தத்துக்குத் தாடைக்குக் கீழே உள்ள பகுதி ஒரு முக்கியமான மூலம் என்று கண்டார்கள். மேலே இருக்கும் துளைகளை அடைத்து எனக்கு ஏன் பெரிய பலன் கிடைக்கவில்லை என்பது அதைப் படித்த பிறகுதான் புரிந்தது. ஓட்டும்போது தோள்களைக் காதை நோக்கி உயர்த்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் உங்களுக்கும் கீழேதான் ஓட்டை. தாடைக்குக் கீழே மாட்டும் சின் கர்ட்டன், கழுத்தைச் சுற்றி நெருக்கமாக ஒரு துணிக்குழாய், இரண்டும் சேர்ந்து எனக்கு நல்ல வித்தியாசம் தந்தன. வெயில் நாளில் புழுங்கும், மழையில் வைசர் சீக்கிரம் பனிபடியும், அப்போது கர்ட்டனைக் கழற்றிவிடுவேன். ஹெல்மெட்டின் கீழ்விளிம்பில் மாட்டிய இன்டர்காமும் அதன் மைக் ஒயரும்கூட அந்த இடத்தில் சத்தம் கூட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் போய்விடவில்லை, போகவும் போகாது. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 95 முதல் 100 டெசிபல், சில நேரம் அதற்கும் மேல் இருக்கும். தொழிற்சாலைச் சத்தத்துக்கு அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம். 100-ல் 15 நிமிடம். நான் அன்று ஐந்து மணி நேரம் ஓட்டியிருந்தேன். காது அடைத்ததும் இரவு இரைந்ததும் எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் அது விடிந்ததும் சரியாகிவிடும் என்று இருக்க முடியாது. காதின் உட்பகுதியில் ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. விலை உயர்ந்த ஹெல்மெட் இதைத் தீர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். இ.சி.இ. 22.06 போன்ற ஹெல்மெட் பாதுகாப்புச் சான்றுகள் மோதலைத் தாங்குமா என்று சோதிக்கின்றன, உள்ளே எவ்வளவு சத்தம் என்று அளப்பதில்லை.

இயர் பிளக் போட்டால் ஹாரன் கேட்காதே என்ற பயம் எனக்கும் இருந்தது. போட்டுப் பார்த்ததும் நேர்மாறாக இருந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சல்தான் மற்ற ஒலிகளை மூழ்கடிக்கிறது. அது அடங்கியதும் எஞ்சின் ஓடுவதும் பக்கத்து வண்டியின் ஹாரனும் தெளிவாகப் பிரிந்து கேட்டன. பிளக்கைப் போடும் விதம்தான் முக்கியம். சுத்தமான விரலால் நுரையை மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் அழுத்தி வைத்திருங்கள். நுரை விரியும்போது வெளிச்சத்தம் மெல்ல மெல்லத் தூரம் போவது தெரியும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் டெசிபல் அளவுக்குச் சத்தம் குறையாது, ஹெல்மெட் போடும்போது உரசிக் கழன்றும் விடும். நுரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காதின் அச்சு எடுத்துச் செய்யும் வகையும் உண்டு. ஓட்டும்போது பிளக் போடுவதற்குச் சில இடங்களில் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் இல்லாமல் இன்டர்காமில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக் காற்றை அடக்கப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் 100 டெசிபலுக்கு மேல் இன்னொன்றை ஏற்றுகிறீர்கள்.

இப்போது என் வண்டியில் ஸ்கிரீன் நடுவளவு, மேலே டிஃப்ளெக்டர், கீழே அந்த ரப்பர் வாஷர்கள். ஹெல்மெட் பழையதேதான். 100-ல் லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறது. அந்த லாரிக்குப் பின்னால் வரும் கலங்கிய காற்றுக்கு மட்டும் நான் எந்த வழியும் கண்டுபிடிக்கவில்லை. ஸ்கிரீனை எப்படி வைத்தாலும், பீக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், லாரி உடைத்துவிட்ட காற்றுதான் நம்மை வந்து சேர்கிறது. அங்கே நான் செய்வது இடைவெளியை நன்றாகக் கூட்டிக்கொண்டு, சாலை தெளிவாக இருக்கும்போது ஒரே மூச்சில் தாண்டிவிடுவது. தாண்டும்போது அதன் முன்முனையில் காற்று திடீரென்று பக்கத்திலிருந்து தள்ளும். அந்த நொடிக்கு முன்பே முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரில் கையைத் தளர்வாக வைத்துக்கொள்கிறேன்.